தொட்டிப் பாசியும் மொனாக்கோ கடலும்

வீட்டுக்கு வரும் நண்பர்கள் எங்கள் கடல்நீர் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "கண்ணாடி இவ்வளவு தெளிவா இருக்கே, பாசி பிடிக்காம இருக்க என்ன மருந்து ஊத்தறீங்க?" மருந்து எதுவும் இல்லை என்றால் நம்புவதில்லை. ஏதோ ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. மீன் தொட்டி இல்லாதவர்களும் கடைசிவரை படிக்கலாம். தொட்டியில் தொடங்கும் விஷயம் கடலில் போய் முடிகிறது, அதுவும் நம் தெருக்கோடியில் இருக்கும் கடலில்.

தொட்டி 200 லிட்டர். வேலை கிடைத்துப் பிரான்சுக்குப் போன மகன் விட்டுச் சென்றது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் மோசமாகி, கடற்கரைச் சாலைக்கு மாலையில் நடந்து போவது நின்றுபோனது. முப்பது வருடத்துக்கு மேலான பழக்கம் அது. அதற்குப் பிறகு மாலை ஐந்தரை ஆனால் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். தொட்டியைக் கொடுக்கும் பேச்சு அத்தோடு நின்றது. இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள், இரண்டு துறவி நண்டுகள், செயற்கைப் பாறைகள், இவ்வளவுதான் உள்ளே. பவளம் கிடையாது. 2001-லிருந்து பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யாராவது கொண்டு வந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

"கடல் ரெண்டு தெரு தள்ளி இருக்கும்போது உப்பைக் காசு குடுத்து வாங்கறீங்களே" என்றும் கேட்பார்கள். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடை எல்லாம் கலந்திருக்கிறது. அதனால் ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கணக்கில் அதற்கென்று விற்கும் கடலுப்பைக் கரைத்துத்தான் ஊற்றுகிறேன்.

இனி பாசிக்கு வருவோம். தமிழில் குளத்தில் படர்வதும் பாசி, கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி, மழைக்காலத்தில் மொட்டைமாடிச் சுவரில் பிடிப்பதும் பாசி. ஒரே சொல். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியிலும் 'அல்க்' என்ற ஒரே சொல்லில்தான் எல்லாவற்றையும் அடக்கினார்கள். தொட்டியிலும் அப்படியே பச்சையாகவோ பழுப்பாகவோ எது தெரிந்தாலும் பாசி என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் பார்க்கிறார்கள். அங்கேதான் சிக்கல். ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்குத் தீனியாகிவிடும். எது வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். எங்கள் தொட்டிக்கு வந்தவற்றை வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் வந்தது பழுப்புத் தூள். பாறைகளை மாற்றிப் புது மணல் போட்ட சில வாரங்களில், மணல் மீதும் கண்ணாடி மீதும் இன்ஸ்டன்ட் காபித்தூளைத் தூவியது போல் படிந்தது. விரலால் தொட்டாலே கலைந்துவிடும். இதன் பெயர் டயாட்டம். ஒற்றைச் செல் உயிர். தன்னைச் சுற்றிச் சிலிக்காவால், அதாவது கண்ணாடி போன்ற பொருளால், கூடு கட்டிக்கொள்ளும். இதன் மக்கிய கூடுகள் படிந்த மண்ணில் நைட்ரோகிளிசரினை ஊறவைத்துத்தான் ஆல்ஃபிரட் நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். புது மணலிலிருந்தும் சரியாக வடிகட்டாத தண்ணீரிலிருந்தும் வரும் சிலிக்கா தீர்ந்ததும் இது தானே போய்விடும். கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுப் பொறுமையாக இருந்தால் போதும். நத்தைகளுக்கு இது நல்ல சாப்பாடு.

இரண்டாவது முடிப்பாசி. பாறை மீது பச்சைப் பசேலென்று, வாரப்படாத தலைமுடி போல வளர்ந்தது. இது உண்மையான பாசி. தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் வரும். அவை எங்கிருந்து வருகின்றன? மீன் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும்தான். எங்கள் வீட்டில் தீனி என் மனைவியின் இலாகா. ஒரு நாளைக்கு மூன்று வேளை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வேளையாகக் குறைக்க வேண்டும் என்றேன்.

"ஏங்க, நாம மூணு வேளை சாப்பிட்டுட்டு அதுங்களைப் பட்டினி போடறதா?" என்றாள்.

இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று முடிவானது. விளக்கு எட்டு மணி நேரம் மட்டும். பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றிப் பிடுங்கினேன். சிதறும் துண்டுகளைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே எடுத்தேன். வாரம் 20 லிட்டர் தண்ணீரை மாற்றினேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புக் குருணையை ஒரு பையில் போட்டு வடிகட்டியில் வைத்தேன். இரண்டரை மாதத்தில் முடிப்பாசி ஒழிந்தது. இதில் குறுக்கு வழி கிடையாது. பிடுங்குவது பாதி வேலை, அதன் சாப்பாட்டை நிறுத்துவது மீதிப் பாதி.

இடையில், தண்ணீர் ஓட்டம் குறைவான ஒரு மூலையில் சிவப்பு வெல்வெட் துணி விரித்தது போல ஒன்று வந்தது. ஓரத்தைத் தூக்கினால் மொத்தமாக ஆடை போல உரிந்து வரும். கெட்ட வாடை. பார்க்கப் பாசி மாதிரி இருந்தாலும் இது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. ஒளியில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா. 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் காற்றில் ஆக்சிஜனைச் சேர்த்த வம்சம் இது. ஆரோவில்லில் வளர்த்து விற்கும் ஸ்பைருலினாவும் இதே குடும்பம்தான். அந்த மூலையை நோக்கிச் சிறிய பம்பைத் திருப்பி வைத்து, படிந்ததை உறிஞ்சி எடுத்ததில் மூன்று வாரத்தில் போய்விட்டது.

நான்காவதாக வந்ததுதான் எங்களைப் பயமுறுத்தியது. முடிப்பாசி போன நிம்மதியில் இருந்தபோது, மணல் மீது மறுபடியும் பழுப்பு நிறம். டயாட்டம்தான் திரும்ப வந்துவிட்டது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இது தூளாக இல்லை. சளி போல நூல் நூலாகத் தொங்கியது, அந்த நூல்களில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். பகலில் தடிக்கும், விளக்கணைத்து விடிந்தால் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஒரு வாரத்தில் ஆறு நத்தைகளில் நான்கு செத்தன. என் மனைவி இரவில் எழுந்து வந்து டார்ச் அடித்து மீன்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

மீன் கடையில் கேட்டேன். "அழுக்கு சார். தினமும் தண்ணி மாத்துங்க, தீனியை நிறுத்துங்க, இந்த பாட்டிலை ஊத்துங்க" என்றார் கடைக்காரர். முடிப்பாசிக்குப் பலித்த அதே வைத்தியம், கூடவே ஒரு பாட்டில். நான் பாட்டிலை வாங்கவில்லை. பெயர் தெரியாமல் ஒன்றும் செய்வதில்லை என்று வீட்டுக்கு வந்து ஒரு சோதனை செய்து பார்த்தேன். எளிமையான சோதனை, யாரும் செய்யலாம். அந்தச் சளியைத் தொட்டித் தண்ணீரோடு சேர்த்து ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் காகிதத்தில் வடிகட்ட வேண்டும். இறங்கிய தெளிவான நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். நீர் தெளிவாகவே இருந்தால் கவலை இல்லை. மறுபடியும் சளி நூல்கள் திரண்டால், அது டைனோஃபிளஜெல்லேட். எங்கள் பாட்டிலில் திரண்டது.

மாணவர்கள் பயன்படுத்தும் மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கி 400 மடங்கில் பார்த்தேன். கண்ணீர்த் துளி வடிவில் நூற்றுக்கணக்கான உயிர்கள். முளையில் கட்டிய மாடு போல ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற வகை. இந்த இனத்தில் சிலவற்றுக்கு விஷம் உண்டு. 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவாக் கடற்கரையில், இது கலந்த கடல்சாரலைச் சுவாசித்த சுமார் 200 பேர் காய்ச்சலும் இருமலுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததைப் பலர் படம் எடுத்துப் போட்டார்களே, அந்த நாக்டிலூகாவும் டைனோஃபிளஜெல்லேட் இனம்தான்.

இந்த உயிர் பெரும்பாலும் தண்ணீர் அழுக்காக இருப்பதால் வருவதில்லை. மிகவும் சுத்தமாகிவிடும்போது வருகிறது. சொட்டு மருந்துப் பெட்டியில் சோதித்தால் நைட்ரேட்டும் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். இரும்புக் குருணை தன் வேலையைப் பூரணமாக முடித்திருந்தது. மற்ற நுண்ணுயிர்களும் பாசிகளும் பட்டினியில் ஒடுங்க, ஆள் இல்லாத வீட்டில் புகுந்தது போல இது புகுந்துகொண்டது. தினமும் தண்ணீர் மாற்றித் தீனியையும் நிறுத்தியிருந்தால் அதற்கு இன்னும் வசதி செய்து கொடுத்ததாக ஆகியிருக்கும்.

ஆகவே செய்ததெல்லாம் முன்பு செய்ததற்கு நேர் எதிர். குருணைப் பையை எடுத்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். தீனியைக் கூட்டினேன். என் மனைவிக்கு அதில் பரம திருப்தி. இந்த வகை இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும் என்பதால், வடிகட்டிக்குப் போகும் வழியில் புறஊதா விளக்கு ஒன்றைப் பொருத்தினேன். பிறகு மூன்று நாள் விளக்கை அணைத்து, வெளிச்சம் புகாதபடி தொட்டி முழுவதையும் பழைய புடவைகளால் சுற்றிக் கட்டினேன். அந்த மூன்று நாளும் மாலை ஐந்தரைக்கு அவள் அதே நாற்காலியில், புடவை சுற்றிய தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "இருட்டுல அதுங்க என்ன செய்யுதோ" என்பாள். நான்காம் நாள் காலையில் புடவையைப் பிரித்தபோது பெரிய மீன் முன்னால் வந்தது, சிறியது அதன் பின்னால். கோமாளி மீன் ஜோடியில் பெரியதுதான் பெண். மணல் வெளுத்திருந்தது. புறஊதா விளக்கு இரண்டு மாதம் எரிந்தது. பிறகு அது திரும்ப வரவில்லை.

செத்த நத்தைகளுக்குப் பதில் புதிதாக வாங்கியவற்றில் ஒன்றின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு ஐந்தாவது ஆள் வந்தது. சின்னப் பச்சை இறகு போல. மற்றவை எல்லாம் அருவருப்பாக இருந்தன, இது அழகாக இருந்தது. ஒரு மாதத்தில் தரையோடு தரையாகக் கொடி விட்டு, கொடி நெடுக இறகு இறகாக நிமிர்ந்தது. "இதையாவது விட்டு வைங்களேன், தோட்டம் மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி.

படம் பார்த்ததுமே பெயர் தெரிந்துவிட்டது. கோலெர்ப்பா. அந்தப் பெயரை நான் முதலில் படித்தது பல வருடங்களுக்கு முன், பிரெஞ்சுப் பத்திரிகைகளில். 'கொலைகாரப் பாசி' என்று அப்போது அங்கே பெரிய அமளி. நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாந்தர் மெய்னெஸ் இதைப் பற்றி 1997-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

கதை மொனாக்கோவில் தொடங்குகிறது. அங்கே 1910-ல் திறக்கப்பட்ட கடலியல் அருங்காட்சியகம் கடலோரச் செங்குத்துப் பாறையின் மேல் நிற்கிறது. அங்குள்ள மீன் தொட்டிகளில் அழகுக்காகக் 'கோலெர்ப்பா டாக்சிஃபோலியா' என்ற வகையை வளர்த்தார்கள். வெப்பக் கடலின் பாசி அது. ஆனால் ஐரோப்பியத் தொட்டிகளில் வளர்ந்து கைமாறி வந்த அந்த ரகம் குளிரையும் தாங்கியது. 1984-ல் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே கடலில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அது தென்பட்டது. 1989-ல் மெய்னெஸ் இறங்கிப் பார்த்தபோது ஒரு எக்டேர். அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கரையில். பிறகு இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா, துனீசியா. 2000-ம் ஆண்டு முடிவில் 13,000 எக்டேருக்கு மேல் இதன் பாதிப்பு இருந்தது.

எப்படி இவ்வளவு வேகம்? கோலெர்ப்பாச் செடி முழுவதும் ஒரே செல். தடுப்புச் சுவரே இல்லாத ஒரு நீண்ட குழாய். விரல் நகம் அளவுத் துண்டு பிய்ந்தாலும் அது புதுச் செடி. படகு நங்கூரத்திலும் மீன் வலையிலும் மாட்டிய துண்டுகள் துறைமுகம் துறைமுகமாகப் போயின. அதில் உள்ள ஒரு நச்சுப் பொருளால் அந்தக் கடலின் மீன்கள் அதை அதிகம் தின்பதில்லை. மீன் குஞ்சுகள் வளரும் கடற்புல் வெளிகளின் மீது அது படர்ந்தது.

ஒரு சதுர மீட்டராக இருந்தபோது இரண்டு ஆட்கள் ஒரு காலைப் பொழுதில் பிடுங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் இது எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு, இயற்கையாக வந்ததா இல்லையா என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. நான் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன். ஒரு கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும்போது வெளியே விஷயம் எப்படி வளரும் என்பது எனக்குப் புதிதல்ல. தொட்டிப் பாசியும் கடலில் பரவியதும் ஒரே ரகம்தான் என்று மரபணு ஆய்வு 1998-ல் வெளிவந்தபோது, பிடுங்கி முடிக்கும் காலம் கடந்து போயிருந்தது. பின்னாளில் பல இடங்களில் அது தானாகவே குறைந்தது என்பது வேறு விஷயம்.

இதே பாசி 2000 ஜூனில் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஒரு கடற்கழியில் கண்டுபிடிக்கப்பட்டது. யாரோ வீட்டுத் தொட்டியைக் கொட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே கணிப்பு. மொனாக்கோவின் கதை தெரிந்திருந்ததால் பெயரைக் கண்டதும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். சில வாரங்களுக்குள் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் குளோரின் செலுத்தினார்கள். 2006-ல் முற்றிலும் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். ஒரு வாளித் தண்ணீரின் விலை.

நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. கோலெர்ப்பாவில் பல வகைகள் மன்னார் வளைகுடாவில் இயல்பாகவே வளர்பவை, அவற்றால் தொல்லை இல்லை. ஆனால் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கும் காரஜீனன் என்ற பொருளுக்காக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட காப்பாஃபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசி இருக்கிறது. மூங்கில் மிதவைகளில் அதை வளர்ப்பது இராமநாதபுரம் கரையில் பல பெண்களுக்குப் பிழைப்பு. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது மிதவையை விட்டு இறங்கிக் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மீது படர்ந்திருப்பதாக 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதையும் கையால்தான் அகற்ற வேண்டியிருந்தது. அதுவும் துண்டிலிருந்து முளைக்கும் ஜாதி.

இதையெல்லாம் என் மனைவிக்குச் சொன்னேன். தொட்டிக்கே வரும் ஆபத்தையும் சொன்னேன். கோலெர்ப்பா சில சமயம் ஒரே இரவில் தன் இனப்பெருக்கச் செல்களையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டு வெள்ளையாகச் செத்துப்போகும். தண்ணீர் கலங்கி, ஆக்சிஜன் குறைந்து, விடிவதற்குள் மீன்களும் போய்விடலாம். இதைக் கேட்டதும் "அப்ப எடுத்துடுங்க" என்றாள். பிடுங்கினால் துண்டாகும் என்பதால், அது படர்ந்த இரண்டு பாறைகளை அப்படியே வெளியே எடுத்துவிட்டேன். மணலில் ஓடிய கொடியை மணலோடு உறிஞ்சினேன். ஆறு மாதமாக வாரா வாரம் தேடிப் பார்த்தேன். இரண்டு முறை சிறு தளிர் தெரிந்தது, அன்றே எடுத்தேன்.

எடுத்ததை எங்கே போடுவது? இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் ஊரில் பலரும் செய்வது, வாளியோடு பெரிய வாய்க்காலில் கொட்டுவது அல்லது "கடல்ல இருந்து வந்ததுதானே" என்று கடலிலேயே விடுவது. வாய்க்காலும் கடலுக்குத்தான் போகிறது. அப்படிச் செய்யாதீர்கள். பாசியைச் செய்தித்தாளில் பரப்பி, மொட்டைமாடி வெயிலில் நொறுங்கும்வரை காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பாறையையும் மணலையும் பல நாள் வெயிலில் போடுங்கள். மாற்றிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு நாள் வைத்திருந்து, பிறகு கழிப்பறையில் ஊற்றுங்கள். வேண்டாத மீனையும் நத்தையையும் கடையில் திருப்பிக் கொடுங்கள். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டுத் தொட்டியில் பெயர் தெரியாத ஏதாவது முளைத்திருந்தால் சுரண்டுவதற்கு முன் அதில் கொஞ்சம், தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்ன பாட்டிலில் மூடி எடுத்து வாருங்கள். மைக்ராஸ்கோப் மேசை மேலேயே இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு மேல் நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருப்போம்.